வட்டப்புளுவைத் துறையும் மூன்று தேசாதிபதிகளும்

கண்டி மாநகரின் வடபால் மகாவலி கங்கை வளைந்து செல்லும் இடத்தில் வட்டப்புளுவை என்னும் ஊர் உள்ளது. இன்று நகரத்தின் புறச்சேரியாய், வீடுகள் நெருங்கிய குடியிருப்பாய் விளங்கும் இவ்வூர் வரலாற்று நூல்களில் ஒரேயொரு நிகழ்ச்சியின் பொருட்டே பேசப்படுகின்றது. 1803ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், பெருக்கெடுத்த ஆற்றைக் கடக்க ஓடமின்றி நின்ற ஆங்கிலப் படையொன்று இத்துறையில் அழிந்தது. படைத்தலைவர் மேஜர் டேவி சிறைப்பட்டார். ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் கண்டியரசனின் கைதியாய் இருந்து, மீட்பாரின்றி இறந்தார். அவர் சிறையிலிருந்த காலத்தில் நோத், மெயிற்லண்ட், பிறவுண்றிக் எனத் தேசாதிபதிகள் மூவர் கொழும்பில் ஆட்சி புரிந்தனர். முதல்வர் படையை ஏவினார். இரண்டாமவர் படையை நிறுத்தித் தூது விட்டார். மூன்றாமவர் வந்து சேர்ந்த காலத்தில் கைதியின் வாழ்நாள் முடிந்துகொண்டிருந்தது. இந்நிகழ்ச்சியை எழுதியோர் எதனைக் கூறினர், எதனைக் கூறாது விட்டனர், பழியை யார் தலையிற் சுமத்தினர் என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறநாட்டாரைச் சிறைவைத்தல் கண்டியரசர்க்குப் புதுவதன்று. 1660இல் கொட்டியாரக் குடாவில் தங்கிய ஆங்கிலக் கப்பலொன்றின் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்சும், உடன்வந்தோர் சிலரும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலால் மாண்டார். மகனோ பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டு ஊர்களில் வாழ்ந்து, தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடனாகக் கொடுத்தும் பிழைத்து, 1679இல் அநுராதபுரக் காட்டு வழியே நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவர் நூலைப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். கண்டியில் ‘சிறை’ என்பது விலங்கும் இருட்டறையும் அன்று. ஊரைவிட்டு அகலக் கூடாது என்னும் ஆணையே சிறை. அரசன் அவர்களுக்கு விலை கேட்கவுமில்லை, அவர்களைக் கொல்லவுமில்லை. ஆங்கிலேயரேயன்றி ஒல்லாந்தரும் பிரான்சுத் தூதரும்கூட அவன் நாட்டில் அவ்வாறே தங்கவைக்கப்பட்டிருந்தனர். கடற்றுறைகள் யாவும் அயலார் கைப்பட்டபின், மலைகளால் சூழப்பட்ட அரசொன்றுக்கு வெளியுலகத்தோடு பேரம் பேச எஞ்சிய நாணயம் இத்தகைய மனிதரே போலும். இப்பின்னணியை அறியாதார் டேவியின் நீண்ட சிறைவாசத்தை வெறுங் கொடுமை என்றே கொள்வர். ஆங்கில நூலாசிரியர் பலர் அவ்வாறே கொண்டனர்.

இனி 1803ஆம் ஆண்டுப் போரின் தோற்றம் காண்போம். பிரெடரிக் நோத் 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாக இருந்தவர்; அமெரிக்கக் குடியேற்றங்கள் கைநழுவிய காலத்தில் பிரித்தானியப் பிரதமராக இருந்த நோத் பிரபுவின் மகன்; கிரேக்கக் கல்வியில் ஆழ்ந்த பற்றுடையவர். கண்டியில் அப்போது அரசு வீற்றிருந்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழிவந்த இவ்விளைஞனை 1798இல் அரியணை ஏற்றியவன் முதல் அதிகார் பிலிமத்தலாவை. ஏற்றியவனே இறக்கவும் விரும்பினான். அவன் நோத்தை இரகசியமாகச் சந்தித்துத் தன் கருத்தை வெளியிட்டபோது, தேசாதிபதி அவனைத் துரத்திவிடவில்லை. அவன் பேராசையைத் தமக்கு ஏணியாக்கிக்கொள்ள முயன்றார். எமர்சன் ரெனென்ற் 1859இல் வெளியிட்ட தம் இலங்கை நூலில் இச்சூழ்ச்சியை வன்மையாகக் கண்டித்துள்ளார். தம் இனத்துத் தேசாதிபதியைத் தாமே கண்டித்த அந்நூலாசிரியரின் நேர்மை பாராட்டத்தக்கது.

போருக்குக் காட்டப்பட்ட காரணம் பாக்கு. பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட சோனக வணிகர் கண்டி நாட்டில் வாங்கிய பாக்கு 1802இல் பறிக்கப்பட்டது. ஈடு கேட்டுக் கிடைக்கவில்லை. 1803 தை மாத முடிவில் தளபதி மக்டவல் கொழும்பிலிருந்தும், கேணல் பார்பற் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டனர். பெப்புருவரியில் இரு படைகளும் கண்டியை அடைந்தன. நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அரசன் மலைகளுக்குள் ஒதுங்கிவிட்டான். வெற்று நகரத்தைப் பிடித்தவர் அரசனில்லாத அரியணையில் தம் ஆள் ஒருவரை அமர்த்தினர். அவரே முத்துசாமி, மறைந்த இராஜாதி இராஜசிங்கனின் அரசியர் ஒருத்தியின் உடன்பிறந்தார், முன்னரே ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்திருந்தவர். மார்ச்சு மாதத்தில் முடிசூட்டு நிகழ்ந்தது. ஏழு கோறளை முதலிய நிலங்களையும் திருகோணமலைக்குச் செல்லும் வழியையும் அவர் ஆங்கிலேயர்க்குத் தர இசைந்தார். ஆனால் அவரைக் காணக் கண்டிக் குடிகள் ஒருவரும் வரவில்லை. படைவீரரின் காவலுக்குள்ளேயே அவர் ஆட்சி அடங்கியிருந்தது.

மே மாதம் 3ஆம் நாள் தம்பதெனியாவில் நோத்தும் பிலிமத்தலாவையும் சந்தித்தனர். இச்சந்திப்பிலேதான் இவ்வரலாற்றின் முடிச்சு உள்ளது. அங்கு எய்திய உடன்பாட்டின்படி பிலிமத்தலாவை கண்டியின் ஆட்சியைப் பெறுவான். முத்துசாமி முடியைத் துறந்து உதவிச் சம்பளம் பெற்று யாழ்ப்பாணத்துக்குச் செல்வார். இரண்டே மாதத்திற்கு முன் முடிசூட்டிய கையே முடியைக் கழற்ற எழுதிக்கொடுத்தது. அச்சந்திப்பில் நோத்தையே சிறைப்பிடிக்க அதிகார் எண்ணியிருந்தான் என்றும், எதிர்பாராமல் படைப்பிரிவொன்று வந்து சேர்ந்தமையால் அவ்வெண்ணம் கைகூடவில்லை என்றும் பிற்கால ஆங்கில நூல்கள் கூறும். அஃது உண்மையாயின், தேசாதிபதியே பணயக் கைதியாகும் நிலையிலிருந்து மயிரிழையில் தப்பினார் எனல் வேண்டும். தப்பியவர் அதிகாரின் சொல்லை நம்பிக் கொழும்பு மீண்டார்.

மழையும் காய்ச்சலும் தொடங்கின. பார்பற் நோயால் இறந்தார். மக்டவலும் நோயுற்று யூன் 11இல் கண்டியை விட்டு நீங்கினார். எஞ்சிய காவற்படைக்கு மலாயப் படைப்பிரிவைச் சேர்ந்த மேஜர் டேவி தலைவரானார். அவரிடம் இருந்த ஐரோப்பிய வீரருட் பெரும்பாலோர் எழுந்து நிற்கவும் இயலாத நோயாளர். யூன் 24 விடியற்காலையில் கண்டியர் அரண்மனையைத் தாக்கினர். பிற்பகலில் டேவி பணிந்தார். படைக்கலங்களோடு திருகோணமலைக்குச் செல்லலாம், நோயாளர் பாதுகாக்கப்படுவர் என்பன உடன்படிக்கையின் வாசகங்கள். பதினான்கு ஐரோப்பிய அதிகாரிகள், இருபது ஆங்கில வீரர், இருநூற்றைம்பது மலாயர், நூற்றுநாற்பது பீரங்கி லஸ்கர்கள் ஆகியோருடன், முத்துசாமியையும் அழைத்துக்கொண்டு டேவி வட்டப்புளுவையை அடைந்தார். நூற்றிருபதின்மர்க்குக் குறையாத நோயாளர் கண்டி வைத்தியசாலையிற் கிடந்தனர்.

ஆறு பெருகி ஓடியது. ஓடமில்லை. தெப்பம் கட்ட முயன்று பயன்படவில்லை. மறுநாள் அரசனின் ஆட்கள் வந்து, முத்துசாமியைக் கையளித்தால் ஓடமும் வழித்துணையும் தருவோம் என்றனர். டேவி முதலில் மறுத்தார், பின்னர் இசைந்தார். முத்துசாமி கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். ஓடம் வரவில்லை. அதற்கடுத்த நாள் படைக்கலங்களைத் தரும்படி ஆணை வந்தது, அவையும் தரப்பட்டன. மலாயரும் லஸ்கரும் பிரிக்கப்பட்டபின் ஆங்கிலேயர் இருவர் இருவராகக் கொண்டு செல்லப்பட்டுக் கொலையுண்டனர். வைத்தியசாலை நோயாளரும் மாண்டனர். டேவியும், கப்பித்தான்மார் றம்லி, ஹம்பிறீஸ் ஆகியோரும் உயிரோடு விடப்பட்டனர். பின்னிருவரும் சிறையிலேயே இறந்தனர். பார்ன்சிலி என்னும் கோப்பிறல் வாள்வெட்டோடு ஆற்றைக் கடந்து, மாத்தளைப் பக்கத்துக் கோட்டைக்குச் சென்று செய்தி சொன்னதனாலேயே உலகம் இதனை அறிந்தது.

இந்நிகழ்ச்சியை முதன்முதல் விரிவாக நூலிற் பொறித்தவர் ஜேம்ஸ் கோடினர். கொழும்புக் காவற்படையின் குருவாகவும் பாடசாலைகளின் தலைவராகவும் நோத்தின் ஆட்சியிற் பணியாற்றியவர். 1807இல் இரு பாகங்களாக வெளிவந்த அவர் நூல் இலங்கையின் இயற்கையையும் மக்களையும் வருணிப்பதில் இனிமை மிக்கது. முத்துக்குளிப்பு, யானை பிடித்தல் என்பன பற்றிய பகுதிகள் இன்றும் சுவை குன்றாதன. கண்டிப் போரைக் கூறுமிடத்தில் மட்டும் அவர் பேனா ஒருபக்கம் சாய்கின்றது. பார்ன்சிலியின் வாக்குமூலத்தை அவர் பயன்கொண்டார். வாக்குமூலம் ஆற்றங்கரையில் தொடங்கி ஆற்றங்கரையில் முடிவது. ஒரு கோப்பிறலின் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவே. அதில் அவர்மேற் குறை கூற இடமில்லை. ஆனால் வரலாறெழுதுபவர் அக்கரையிலேயே நின்றுவிடின், படிப்பவனுக்கு டேவியின் தடுமாற்றமும் கண்டியரின் வஞ்சகமுமே தெரியும். தம்பதெனியாவில் எழுதப்பட்ட காகிதம் தெரியாது. அக்காகிதத்தைப் பற்றிய செய்தி அவர் நூலில் இல்லாமலில்லை. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் வாக்கியமே இல்லை.

இணைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. டேவியின் குற்றம் யாது? தம்மை நம்பி வந்தவனைப் பகைவரிடம் கொடுத்தது. தமிழ் மரபு இதற்கு மன்னிப்புக் கூறாது. கவுந்தியடிகள் கையடையாகக் கொடுத்த கண்ணகிக்கும் அவள் கணவனுக்கும் நேர்ந்த கேட்டினைக் கேட்ட இடைக்குல மாதரி, தன்பாற் குற்றம் ஒன்றும் இல்லாதிருந்தும், தீயிற் புகுந்தாள் எனச் சிலப்பதிகாரம் கூறும். அடைக்கலப் பொருளைக் காத்தல் எத்துணைப் பெரும் பொறுப்பு என்பதற்கு அதனினும் கடுமையான சான்று வேண்டுவதில்லை. அந்த அளவுகோலால் அளப்பின் டேவி தாழ்ந்தவரே. ஆனால் அதே அளவுகோலைத் தேசாதிபதிக்கும் நீட்டுதல் வேண்டும். தஞ்சமடைந்த ஒருவரை முடிசூட்டி மலையுச்சிக்குக் கொண்டுபோய், அவரை எவரும் ஏற்காமை கண்டு, அவர் முடியை அவர் பகைவனிடமே விலைபேசி, அதன்பின்னும் அவரை அவ்வபாயமான இடத்திலேயே விட்டுச் சென்றவர் நோத். மே மாதத்திலேயே யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டிருப்பின் முத்துசாமி பிழைத்திருப்பார். வட்டப்புளுவையில் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் ஆளிருந்திராது. முத்துசாமியை முதலிற் கைவிட்டது எழுதுகோல். ஓடமற்ற ஆற்றங்கரை அதனை முடித்துவைத்தது. டேவி நானூறு உயிர்களுக்கு ஓருயிரை மாற்றாகக் கொடுக்க எண்ணினார். அந்த மாற்றும் ஏமாற்றாயிற்று. நோத்துக்கோ அத்தகைய நெருக்கடி எதுவும் தம்பதெனியாவில் இருக்கவில்லை.

பழிவாங்கும் எண்ணம் கொழும்பில் மேலோங்கியது. கண்டியர் கரையோரக் கோட்டைகளைத் தாக்கினர்; 1803 செப்டெம்பரில் ஹங்வெல்லையில் அரசன் தானே வந்து தோற்று மீண்டான். அடுத்த ஆண்டு நோத்தும் தளபதி வெமிசும் பெருந்திட்டம் ஒன்று வகுத்தனர். தீவின் பல திசைகளிலிருந்து ஆறு படைப்பிரிவுகள் புறப்பட்டு ஒரே காலத்திற் கண்டியிற் கூட வேண்டும் என்பது அதன் சாரம். தந்தியோ நல்ல பாதையோ இல்லாத காலம். மழையும் ஆறுகளும் தடுக்க, திட்டம் கைவிடப்பட்டது. மட்டக்களப்பிலிருந்த கப்பித்தான் ஆர்தர் ஜோன்ஸ்டனுக்குச் சென்ற பின்னைய கட்டளை தெளிவாக இருக்கவில்லை. அவர் அதனைப் புறப்படுக என்றே பொருள்கொண்டார். செப்டெம்பர் 20இல் ஏறத்தாழ முந்நூறு பேருடன் விந்தனை வழியாக நடந்து, ஒக்டோபர் 6இல் கண்டியை அடைந்தார். மற்றைய ஐந்து படைகளையும் காணவில்லை. வெறுமையான நகரத்தில் மூன்று நாட்கள் காத்திருந்து, சுற்றிலும் பகைவர் நெருங்குவதை உணர்ந்து, வட்டப்புளுவைப் பக்கமாக ஆற்றைக் கடந்து, இரு மருங்கிலும் மறைந்திருந்து சுடுவோர்க்கு நடுவே திருகோணமலையை நோக்கிப் பின்வாங்கினார். மாத இறுதிக்குள் அவர் படை அங்கே சேர்ந்தது; தப்பியோர் பலர் வைத்தியசாலையில் மாண்டனர். சிறையிலிருந்த ஒருவரும் மீட்கப்படவில்லை.

ஜோன்ஸ்டன் தம் பயணத்தை 1810இல் இலண்டனிற் சிறு நூலாக வெளியிட்டார். இந்நூல் முழுவதும் படிக்கத்தக்கது. சொல்லலங்காரம் இல்லை, தற்பெருமை குறைவு. சுமைகாரர் ஓடிவிடுதல், அரிசி நனைதல், காயமுற்றோரைத் தூக்க ஆளில்லாமை, குறுகிய மலைப்பாதையில் மரங்களை வெட்டிச் சாய்த்து வழியடைத்தல் எனக் காட்டுப் போரின் உண்மைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. கண்டியரின் போர்முறையை இகழாது கற்க முயன்ற ஆங்கில அதிகாரிகளுள் இவர் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் நேர்நின்று பொருவதில்லை என்பதைக் கோழைமை என்று அவர் எழுதவில்லை. தம் நாட்டின் மலையும் காய்ச்சலும் தமக்காகப் போரிடும் என்பதை அறிந்த மக்களின் அறிவு என்று உணர்ந்துள்ளார். எனினும் நூலைப் படித்து முடித்தபின் ஒரு வினா எஞ்சும். இப்படையெடுப்பு சிறை மீட்புக்கா, தண்டனைக்கா? கட்டளைகளை நோக்கின் தண்டனையே முதன்மை: ஊர்களை அழித்தல், அச்சுறுத்தல், அரசனைத் துரத்தல். சிறைப்பட்டவர் எங்கே வைக்கப்பட்டுள்ளார், அவரை எவ்வழியில் அணுகலாம் என்னும் ஆராய்ச்சி திட்டத்தில் இடம்பெற்றதாகத் தோன்றவில்லை. நகரத்தைப் பிடித்தால் அரசும் பிடிபடும் என்பது ஐரோப்பியப் போர்க்கணக்கு. கண்டியில் அரசன் இருக்குமிடமே தலைநகர். அவன் நடந்தால் தலைநகரும் நடக்கும், கைதியும் உடன் நடப்பான். பெப்புருவரி 1803இல் கற்றிருக்க வேண்டிய பாடம் இது. ஒக்டோபர் 1804இல் மீண்டும் வெற்று நகரம்.

திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். நோத்தின் திட்டம் இந்நான்கிலும் வழுவியது. வேடிக்கை என்னவெனில், வழுவிய திட்டத்தை நிறைவேற்றிய ஜோன்ஸ்டன் நான்கையும் அறிந்தவர். அதனாலேயே படையிற் பெரும்பகுதியை உயிரோடு மீட்டார்.

இவ்வாறான கணக்குப் பிழை ஒரு காலத்துக்கோ ஒரு நாட்டுக்கோ உரியதன்று. 1979 நவம்பரில் தெகிரான் நகரிலிருந்த அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு, ஐம்பத்திருவர் நெடுநாட் பணயக் கைதிகளாயினர். ஜனாதிபதி கார்ட்டர் 1980 ஏப்பிரலில் படைமீட்புக்கு இசைந்தார். எட்டு ஹெலிகொப்டர்கள் புறப்பட்டன. குறைந்தது ஆறு தேவை. பாலைநிலத்து இறங்குதுறையில் ஐந்தே இயங்கும் நிலையில் எஞ்சின. முயற்சி கைவிடப்பட்டது. திரும்பும்போது ஹெலிகொப்டர் ஒன்று விமானத்தில் மோதி எண்மர் இறந்தனர். வெளிநாட்டமைச்சர் வான்ஸ் முன்னரே எதிர்த்திருந்தார். அதன்பொருட்டுப் பதவி துறந்தார். இரண்டு நிகழ்ச்சிகளிலும் ஆறு என்னும் எண் வருவது தற்செயல். தற்செயலல்லாத வேற்றுமை வேறொன்றுண்டு. கார்ட்டருக்கு ‘ஐந்து போதா, நிறுத்துக’ என்னும் சொல் பாலைநிலத்திலிருந்து சில நிமிடத்தில் எட்டியது. நிறுத்தும் ஆணையும் அவ்வாறே சென்றது. நோத்தின் நிறுத்தும் ஆணை காட்டில் பொருள் திரிந்தது. மேலும், கார்ட்டர் மறுநாளே நாட்டு மக்களுக்கு முன் பொறுப்புத் தம்முடையது என்று அறிவித்தார். தெகிரானிற் சிறைப்பட்டோர் அல்ஜீரிய நாட்டின் நடுவண்மையால், முடக்கப்பட்ட ஈரானியச் செல்வங்களை விடுவிக்கும் உடன்பாட்டின்பேரில், 444 நாட்களின்பின் 1981 ஜனவரி 20இல் விடுதலை பெற்றனர். டேவிக்கு அத்தகைய நடுவர் நாடு இல்லை.

1805இல் நோத் நீங்க, சேர் தோமஸ் மெயிற்லண்ட் வந்தார். கடுமையும் சிக்கனமும் உடையவர். முன்னவரின் கண்டிக் கொள்கையை அவர் சிறிதும் மதிக்கவில்லை. படைகளை எல்லைக்குட் சுருக்கினார். பேச்சின்றியே போர் ஓய்ந்தது. (நோத்தும் மெயிற்லண்டும் பிற்காலத்தில் கிரேக்கக் கரையோரத்து அயோனியத் தீவுகளிலும் ஒருவர்க்கொருவர் எதிர்ப்பட்டனர். ஒருவர் அங்கே பல்கலைக்கழகம் நிறுவினார். மற்றவர் அங்கும் இரும்புக் கையோடு ஆண்டார்.) டேவியை மீட்க மெயிற்லண்ட் படையை ஏவவில்லை. பிக்குமார், வணிகர், ஒற்றர் முதலியோர் வழியாகப் பேசினார். பொருள் தரவும் முன்வந்தார். பேச்சு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றது. கைதி முதலா, உடன்படிக்கை முதலா? கண்டி அரண்மனை நோக்கில் டேவியே ஆங்கிலேயர் மீண்டும் மலையேறாமைக்குப் பிணை. பிணையை முதலிலே கொடுத்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? கொழும்பின் நோக்கில் கொலைசெய்த அரசோடு சமமாக அமர்ந்து கையொப்பமிடுதல் இழிவு. இழிவை ஏற்க மெயிற்லண்ட் ஒருபோதும் இசையவில்லை.

மெயிற்லண்டின் கொள்கை பற்றி வரலாற்றாசிரியர் பொதுவாக நன்கே கூறுவர். போரை நிறுத்தினார், வருவாயைச் சீர்செய்தார், நூற்றுக்கணக்கான உயிர்களைக் காத்தார் என்பன மெய்யே. ஒரு மனிதனை மீட்கப் பல நூறு பேரைக் காய்ச்சற் காட்டுக்கு அனுப்பாமை அறிவுடைமையே. ஆனால் படையை அனுப்பாமை வேறு. மானத்தைச் சிறிது தளர்த்தாமை வேறு. முன்னதற்கு உயிர்ச்சேதம் காரணம். பின்னதற்குக் காகிதத்தின் மேலுள்ள பெருமையே காரணம். இரண்டையும் ஒன்றாகப் போற்றுவது திறனாய்வாகாது. மலையமான் மக்களை யானைக்காலில் இடச் சோழன் கிள்ளிவளவன் துணிந்தபோது, கோவூர்கிழார் படை திரட்டவில்லை. அரசனின் குலப்பெருமையையும் குழந்தைகளின் அறியாமையையும் எடுத்துரைத்து மீட்டார். சொல்லால் மீட்க முனைவோன் எதிரியின் பெருமைக்கு இடங்கொடுத்தே பேச வேண்டும் என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். கொழும்புக் கோட்டையிலிருந்து சென்ற தூதுகளில் அந்த நயம் காணப்படவில்லை.

சிறையிலிருந்த டேவியை அறியச் சிறந்த வாயில் ஜோன் டொயிலியின் நாட்குறிப்பு. மாத்தறையில் பிக்கு ஒருவரிடம் சிங்களம் பயின்று, கண்டி பற்றிய ஒற்றுச் செய்திகளையெல்லாம் தம் கையிற் குவித்த இவ்வதிகாரி 1810 முதல் 1815 வரை எழுதிய குறிப்பு, கொட்றிங்ரனால் பதிப்பிக்கப்பட்டு 1917இல் வெளிவந்தது. அதில் அணிநயம் எதிர்பார்ப்போர் ஏமாறுவர். இன்ன நாள் இன்னான் வந்தான், இன்னது சொன்னான், இவ்வளவு பணம் பெற்றான் என்று பக்கம் பக்கமாக ஓடும். அவ்வறட்சிக்கிடையே டேவி தோன்றுகிறார். நோயாளி, சிறு காகிதத் துண்டுகளில் எழுதி மறைவாக அனுப்புகிறார், மருந்தும் அபினும் வேண்டுகிறார். அனுப்பப்படும் பொருள்கள் சில சேர்கின்றன. சில வழியிலே மறைகின்றன. செய்தி கொண்டுசெல்வோன் பிடிபட்டால் அவன் தலை போகும் என்பதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நிற்கின்றது. டேவியைப் பற்றி நூல்கள் எழுதிய கண்டனங்களுள் எதுவும் இக்குறிப்பின் வறட்சி தரும் துயரைத் தரவில்லை. 1812ஆம் ஆண்டளவில் அவர் இறந்தார். அவ்வாண்டு வந்த தேசாதிபதி பிறவுண்றிக்கிற்கு மீட்க வேண்டியவர் ஒருவரும் இருக்கவில்லை.

அண்மைக்காலத்து ஆசிரியருள் இருவரைச் சுட்டுதல் வேண்டும். ஜெபிறி பவல் 1973இல் கண்டிப் போர்கள் பற்றிய நூலை வெளியிட்டார். வட்டப்புளுவையில் மாண்ட ஆங்கிலேயர் 19ஆம் படைப்பிரிவினர். அப்பிரிவின் வழிவந்த படையிலே பணிபுரிந்தவர் பவல். தம் முன்னோரின் தோல்வியை எழுதும்போதும் அவர் நிதானம் இழக்கவில்லை. டேவியின் இடத்தில் தாம் நின்றிருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கும் படைவீரனின் இரக்கம் அந்நூலில் உண்டு. கணநாத் ஒபயசேகர 2017இல் எழுதிய நூல், ‘கொடுங்கோலன்’ என்று ஆங்கிலேயர் பரப்பிய கண்டியரசனின் உருவம் எவ்வாறு திட்டமிட்டு ஆக்கப்பட்டது என்பதைச் சான்றுகளோடு ஆராய்கின்றது. முன்னவர் டேவிக்கு நீதி தேடுகிறார். பின்னவர் அரசனுக்கு நீதி தேடுகிறார். இருவர் பணியும் வேண்டியதே.

முத்துசாமிக்கு நீதி தேடும் நூல் இன்னும் எழுதப்படவில்லை. ஆங்கில நூல்களில் அவர் ‘பொம்மை அரசர்’. சிங்கள மரபில் அந்நியரின் கருவி. கண்டியரசன் கதையைக் கூத்தாக ஆடிக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்திலும் அவர் பெயரை அறிந்தோர் சிலரே. அவரோடு மறக்கப்பட்டோர் வேறு சிலரும் உளர். மலாய அதிகாரி நூருதீன் கண்டியரசனின் பணியை ஏற்க மறுத்து உயிர்விட்டார். பீரங்கி லஸ்கரும் ஏனைய மலாயரும் கண்டியிலேயே தங்கவைக்கப்பட்டனர். பலர் அரசன் படையிற் சேர்க்கப்பட்டனர். அவர்களும் சிறைப்பட்டோரே. ஆயின் மீட்புக்கான தூதுகளில் பேசப்பட்டது பெரும்பாலும் டேவியின் பெயர் ஒன்றே. சிறைப்பட்டோர் யார், மீட்கத்தக்கோர் யார் என்னும் பட்டியலை எழுதுவோர் எவரோ, அவரே அந்நெருக்கடியின் வரலாற்றையும் பாதி எழுதிவிடுகின்றனர்.

1815 பெப்புருவரியில் பிறவுண்றிக்கின் படைகள் கண்டியில் நுழைந்தன. அரசன் பிடிபட்டான். மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்ட அவன், 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் நினைவிடம் உள்ளது. சிறைவைத்தவன் சிறையிருந்தான் என்பதைப் பலர் எழுதியுள்ளனர். 1815 மார்ச்சு 2இல் கண்டி அரண்மனையில் கையொப்பமான உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவை அத்துணைப் பேர் எடுத்துக் காட்டவில்லை. அரசனின் ஆண் உறவினர் அனைவரும், மணவுறவினர் உட்பட, கண்டி நாட்டுக்குப் பகைவர் என்றும், எழுத்து மூல இசைவின்றி உள்ளே கால் வைப்பின் இராணுவச் சட்டத் தண்டனைக்கு உள்ளாவர் என்றும், வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்கள் மீளுதல் கூடாது என்றும் அப்பிரிவு கூறுகின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே அரண்மனையில் அதே ஆங்கிலேயர் முடிசூட்டிய முத்துசாமி உயிரோடிருந்து, மே மாத உடன்பாட்டின்படி யாழ்ப்பாணத்தில் உதவிச் சம்பளம் பெற்று வாழ்ந்திருந்தால், 1815இல் அவரும் அத்தடைக்கு உட்பட்டவரே ஆவார்.